காமன் கூத்துக்கு ஒரே ஒலிவாங்கி

பாடகர், பின்பாட்டுக்காரர், தாளக் கருவியாளர் என ஒரு குழு முழுவதும் சேர்ந்து இசைக்கும்போது அதை ஒரேயோர் ஒலிவாங்கியால் பதிவது, ஒலிப்பதிவுத் துறையின் மிகப் பழைய முறையாகும். இன்றைய பதிவுக்கூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலிவாங்கி வைத்து, ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் சேமித்து, எதை உயர்த்துவது எதைத் தாழ்த்துவது என்பதைப் பின்னர் கணினியின் முன் அமர்ந்து முடிவு செய்கிறார்கள். ஒற்றை ஒலிவாங்கி முறையில் அந்த முடிவைப் பதிவு தொடங்கும் முன்னரே எடுத்தாக வேண்டும். அங்கே ஒலியின் அளவை ஏற்றவும் இறக்கவும் பயன்படுவது ஆட்கள் நிற்கும் இடமும் அவர்கள் பார்க்கும் திசையும் மட்டுமே. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய பகுதிகளில், மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தைப் பதிய முற்படுவோர் கைச்செலவைக் கருதி இம்முறையை நாடக்கூடும். ஆனால் செலவுக் கணக்கை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்தக் கலைக்கு இதைவிடப் பொருந்தும் முறை வேறில்லை.

ஒலிப்பதிவில் ஒலிவாங்கியே பயன்படாத காலத்தில்தான் இம்முறை தோன்றியது. மெழுகு உருளையில் ஊசியால் கீறிப் பதிந்த தொடக்கக் காலத்தில், ஒலியைத் திரட்டி ஊசிக்குக் கொண்டுசெல்ல ஒரு புனல் மட்டுமே இருந்தது. 1907–08 காலப்பகுதியில் இலங்கையின் வேடுவர்களிடையே ஆய்வு செய்த செலிக்மன் தம்பதியர் அவர்களுடைய பாடல்களை அத்தகைய உருளைகளில் பதிந்து சென்றனர். 1911-இல் வெளியான அவர்களது நூலில் அப்பதிவுகளைக் கொண்டு சார்ல்ஸ் மையர்ஸ் எழுதிய இசை பற்றிய அத்தியாயம் இடம்பெற்றது. புனலுக்கு முன்னால் பாடுபவர் நெருங்கி நிற்பதும், உரத்த கருவியை வாசிப்பவர் அறையின் மூலைக்குத் தள்ளப்படுவதும் அக்காலத்தின் வழக்கமாயிருந்தன. 1925-இல் மின்வழி ஒலிப்பதிவு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தபோது புனலின் இடத்தை ஒலிவாங்கி பிடித்துக்கொண்டது. ஆயினும் ஆட்களை நிறுத்தும் கலை மாறவில்லை. 1931-இல் ‘காளிதாஸ்’ மூலம் பேசத் தொடங்கிய தமிழ்ப் படத்தில் நடிகர்களே பாடினர் என்பதும், பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் மறைந்திருந்து வாசித்தனர் என்பதும் பலர் அறிந்த செய்தி. 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ போன்ற படங்களில் பின்னணிப் பாடல் முறை தலைகாட்டிய பிறகே நடிப்பும் பாட்டும் பிரிந்தன.

பல தடப் பதிவு உலகெங்கும் வேரூன்றிய பின்னரும் சிலர் விரும்பியே பழைய வழிக்குத் திரும்பினர். கனடாவின் ‘கௌபோய் ஜங்கீஸ்’ குழு 1987 நவம்பர் 27 அன்று டொரொண்டோ நகரத் தேவாலயம் ஒன்றில் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று பதிந்த ‘த டிரினிட்டி செஷன்’ என்ற இசைத்தொகுப்பு அவற்றுள் பெயர்பெற்றது. பாடகியின் மெல்லிய குரல் கருவிகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காக அது ஓர் ஒலிபெருக்கி வழியாக வெளிவிடப்பட்டு, மற்றக் கருவிகளுள் ஒன்றைப்போல அதே ஒலிவாங்கியால் வாங்கப்பட்டது. அந்த ஒலிவாங்கியின் ஒரே உடலுக்குள் நான்கு ஒலியுணரிகள் இருந்தன என்பதால் அதை ‘ஒற்றை’ என்று சொல்லலாமா என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தால் பெரிய பயன் இல்லை. ஓர் இடத்திலிருந்து கேட்கும் காது ஒன்று என்பதே இம்முறையின் சாரம், அந்தக் காதுக்குள் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்பது இரண்டாம் செய்தி. இன்று கையில் அடங்கும் பதிவுக் கருவிகளின் உச்சியில் எதிரெதிர்ச் சாய்வில் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு உணரிகளுக்கும் இது பொருந்தும்.

இனித் தோட்டத்துக்கு வரலாம். காமன் கூத்து, சிவனின் தவத்தைக் கலைக்க முயன்று எரிந்துபோன மன்மதனின் கதையையும், கணவனை மீட்க ரதி நடத்தும் போராட்டத்தையும் ஆடிப் பாடிக் காட்டுவது. மாசியில் அமாவாசை கழிந்த பின் காமன் ஊன்றப்பட்டு, பௌர்ணமியை ஒட்டி காமன் தகனம் நிகழ்கிறது. இடைப்பட்ட நாட்களில் கூத்தைப் பழக்கும் மாஸ்டரின் வழிகாட்டலில் லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளின், இளைஞர்கள் இரவுதோறும் கூடுகிறார்கள். நிறைவு இரவில் காமன் பொட்டல் எனப்படும் திறந்த வெளியில், விடியும்வரை, ஊர் சூழ நிற்க ஆட்டம் நடக்கிறது. பாட்டு, உடுக்கு, தாளம் எல்லாம் உண்டென்றாலும் அந்த இரவை நடத்திச் செல்வது தப்பு. மலையகத்தில் தப்பு என்று வழங்கும் அந்த வட்டப் பறை ஒரு காலத்தில் விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, அழைக்கவும் பயன்பட்டது. கோயிலுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று அது சொல்லும் சேதி வேறுபடும். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மற்ற இரு மலையகக் கூத்துகளையும் காமன் கூத்தோடு சேர்த்தே ஆய்வாளர் பேசுவர்.

இந்த மரபின் சொற்கள் ஓரளவு காக்கப்பட்டுவிட்டன. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து எழுத்தில் நிறுத்தியவர்களுள் முதன்மையானவர். அவர் 1984-இல் மறைந்தார். அவரும் அவர் வழி வந்தவர்களும் செய்த பணி இல்லாவிட்டால் கொழுந்து மலையிலும் தொட்டிலோரத்திலும் பாடப்பட்டவற்றுள் பெரும்பகுதி தடமின்றிப் போயிருக்கும். எனினும் ஏட்டில் ஏறிய பாடலில் அடி இல்லை. எந்தச் சொல்லின் மேல் தப்பின் ஓங்கிய அடி விழுகிறது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியைத் தப்படிப்பவர் எப்படி நிரப்புகிறார், ஆட்டக்காரரின் கால் வேகம் கூடும்போது பாட்டு எங்கே வழிவிடுகிறது என்பவை எழுத்துக்குள் வருவதில்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே செய்கிற இந்தக் காரியங்களைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்துப் பதிவதும் இயல்பானதன்று. ஒற்றை ஒலிவாங்கி இக்கூத்துக்குப் பொருந்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

அடுத்த காரணம் இயற்பியலில் உள்ளது. திறந்த வெளியில், சுவரெதிரொலி இல்லாத இடத்தில், ஒலி புறப்படும் புள்ளிக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. டெசிபல் என்பது ஒலிமட்டத்தை அளக்கும் அலகு, அதில் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு உரப்பாகத் தோன்றும். தப்பு பாடகரின் குரலைவிட 12 டெசிபல் உரத்து ஒலிப்பதாக வைத்துக்கொண்டால், பாடகர் ஒலிவாங்கியிலிருந்து 1 மீட்டர் தள்ளியும் தப்படிப்பவர் 4 மீட்டர் தள்ளியும் நின்றாலே இரண்டும் சமமாகப் பதிவாகும். எந்த இயந்திரமும் தொடாமல், இரண்டு மூன்று எட்டு பின்னால் வைத்ததால் மட்டுமே கிடைக்கும் சமன் அது. தப்படிப்பவர் பலர் இருந்தால் அவர்களை ஒரு வளைவில் நிறுத்தி, ஒலிவாங்கியிலிருந்து எல்லோரும் ஒரே தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

ஆட்டக்காரர் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது இங்கே எழும் சிக்கல். ஒலிவாங்கியை மார்பளவு உயரத்தில் ஆட்டக்களத்தின் நடுவே நட்டால், 1 மீட்டர் அருகே வருபவருக்கும் 4 மீட்டர் விலகிச் செல்பவருக்கும் இடையே அதே 12 டெசிபல் ஏற்ற இறக்கம் தோன்றும். கால்களுக்கு இடையூறு என்பது வேறு. அதே ஒலிவாங்கியை ஒரு மூங்கில் கழியில் கட்டி, வாய்க்கும் தப்புக்கும் 2 மீட்டர் மேலே தொங்கவிட்டால், அருகிலிருப்பவரின் தொலைவு 2.24 மீட்டராகவும் விலகியவரின் தொலைவு 4.47 மீட்டராகவும் ஆகி, வேறுபாடு சரிபாதியாக, 6 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது. மேலே ஏற்றுவதால் எல்லோருமே சற்றுத் தூரத்தில் ஒலிப்பார்கள் என்பது உண்மைதான். ஆயினும் ஊரார் வட்டமாக நின்று பார்க்கும் கூத்தில் அந்தத் தூரமே பார்வையாளரின் இயல்பான இடம் என்பதால், அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை.

திசையும் ஒரு கருவி. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கேட்கும் ஒலிவாங்கி ஒரு வகை. முன்னால் வருவதை நன்றாக வாங்கி, பின்னால் வருவதைப் பெரிதும் தள்ளும் வகை இன்னொன்று. முன்னும் பின்னும் கேட்டு, இரு பக்கங்களிலும் செவிடாகிவிடும் வகை மூன்றாவது. சுற்றி நின்று இசைக்கும் குழுவுக்கு நடுவே தொங்கவிட முதல் வகை ஏற்றது. இடம் இல்லாமல் ஒலிவாங்கியை ஓரத்தில்தான் வைக்க முடியும் என்றால் இரண்டாம் வகையை எடுத்து, அதன் முகத்தைப் பாடகர் பக்கமும் முதுகைக் கோயில் ஒலிபெருக்கியின் பக்கமும் திருப்பி வைப்பது நல்லது. மூன்றாம் வகை விலை கூடியது, தோட்டத்துக் காற்றுக்கும் ஈடுகொடுக்காதது. கூத்துக்கு அது வேண்டியதில்லை.

ஒலிவாங்கிகளைக் கூட்டினால் தெளிவு கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நெருக்கமாக நிற்கும் குழுவில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. நுவரெலியாவின் குளிர்ந்த காற்றில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரே தப்பின் அடி, ஓர் ஒலிவாங்கியை அடைவதைவிட 1.7 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து மற்றொன்றை அடைந்தால், இரண்டாவது 5 மில்லி விநாடி பிந்திக் கேட்கும்; இரண்டையும் கலக்கும்போது 100 ஹேர்ட்ஸ், 300 ஹேர்ட்ஸ், 500 ஹேர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தப்பின் உடல் அதிரும் ஒலியில் பெரும்பங்கு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. நான்கு ஒலிவாங்கி வைத்துப் பதிந்த தப்பு சில வேளை தகரத்தைத் தட்டினாற்போல் ஒலிப்பதற்கு, கருவியையோ கலைஞரையோ குறை சொல்ல முடியாது. தக்க இடைவெளியும் பயிற்சியும் உள்ள பொறியாளர் இதைத் தவிர்த்துவிடுவார். காமன் பொட்டலில் அந்த இடைவெளிக்கு இடம் கிடைப்பதில்லை.

மலைநாட்டுக்கே உரிய தொல்லைகள் சில உள. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீட்டரில் இருக்கிறது. மாசி இரவின் குளிரும் பனியும் தோலை நனைக்கின்றன. ஈரம் உறிஞ்சிய தோல் தளர்ந்து, தப்பின் சுருதி இறங்கி, ஓசை மந்தமாகிறது. ஆகையால்தான் கலைஞர் ஆட்டத்தின் இடையிடையே நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுகிறார்கள். வெப்பத்தில் ஈரம் வெளியேறித் தோல் இறுகும்போது ஓசை மீண்டும் கணீரென்று எழுகிறது. பதிவு செய்பவர் இதை ஒரு தடங்கலாக எண்ணி நிறுத்திவிடாமல், காய்ச்சும் நேரத்தையும் பதிவுக்குள் விட்டுவைப்பது நல்லது; அந்த இடைவேளையில் மாஸ்டர் சொல்லும் திருத்தங்களும், இளையவர் ஒருவர் அடித்துப் பார்க்கும் அடிகளும் பிற்காலத்தில் பாடம் கற்பவருக்குப் பாட்டைவிடப் பயன்படக்கூடும். நெருப்பு மட்டும் ஒலிவாங்கிக்குச் சற்றுத் தள்ளி இருக்கட்டும், விறகு வெடிக்கும் ஒலி தப்பின் மெல்லிய குச்சி எழுப்பும் ஒலியோடு எளிதில் குழம்பும்.

ஈரம் தோலை மட்டும் தொடுவதில்லை. மின்தேக்கி வகை ஒலிவாங்கி, அதாவது மின்னேற்றிய மெல்லிய தகடு ஒன்றின் அசைவைக் கொண்டு ஒலியை உணர்வது, பனியில் நனைந்தால் பொரிகிற சத்தம் எழுப்பும். சுருளும் காந்தமும் கொண்ட வகை நுண்மை குறைந்ததாயினும் இத்தகைய இரவுகளைத் தாங்கிக்கொள்ளும். குளிரில் இருந்த கருவியை அடுப்பெரியும் லய அறைக்குள் கொண்டுபோனவுடன் உறையைத் திறந்தால் அதன்மேல் நீர் படியும் என்பதால், சிறிது நேரம் பைக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும். காற்று வீசும் மேட்டில் ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறையோ மயிருறையோ இல்லாவிட்டால் பதிவில் உறுமல் ஒன்றே மிஞ்சும்.

தெளிந்த, காற்றடங்கிய இரவில் மலைச்சரிவின் அடிவாரத்தில் குளிர்காற்று தங்கி, அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கிறது. மேலே செல்லும் ஒலி அங்கே வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கித் திரும்புகிறது. அடுத்த தோட்டத்துத் தப்பு இரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே காரணத்தால் ஹட்டன் பாதையில் கியர் மாற்றும் பஸ்ஸும், கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கு இரவெல்லாம் காற்றூட்டும் தொழிற்சாலை மின்விசிறிகளின் இரைச்சலும் பதிவுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றை முற்றாக நீக்க வழியில்லை. ஒலிவாங்கியைக் குழுவுக்கு நெருக்கினால் அவை பின்னடையும். பதிவுக் கருவியில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வசதி இருந்தால் அதை மிதமாகப் பயன்படுத்தலாம், அளவு மீறினால் தப்பின் கனமும் அதனுடன் போய்விடும்.

கையடக்கத் தொலைபேசி இன்று எல்லோரிடமும் இருக்கிறது, அதுவும் ஒற்றை ஒலிவாங்கிதானே என்று கேட்கலாம். தொலைபேசி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. உரத்த ஒலி வந்தவுடன் தானாகவே அளவைக் குறைத்து, ஒலி அடங்கியவுடன் மீண்டும் கூட்டும் அமைப்பு அதற்குள் இயங்குகிறது. தப்பின் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் பாடகரின் குரல் அமுங்கி எழுவது அதனால்தான். பேச்சல்லாத ஒலியை இரைச்சலென்று கருதி நீக்கும் அமைப்பும் சிலவற்றில் உண்டு, அது உடுக்கின் நீளும் அதிர்வைக்கூட நீக்கிவிடக்கூடும். ஒலி அளவைக் கையால் நிறுத்திவைக்கவும், சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்கவும் இடம்தரும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டால் தொலைபேசியும் ஓரளவு பயன்படும். இயலுமாயின் ஊருக்குப் பொதுவாக ஒரு சிறு பதிவுக் கருவியை வாங்குவதே மேல். மிக உரத்த அடியும் உச்ச எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி அளவை முன்கூட்டியே அமைத்துவிட்டு, பிறகு தொடாமல் இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டிய அடி கிழிந்து பதிவாகும், கிழிந்ததைப் பின்னர் தைக்க முடியாது. 24 பிட், 48 கிலோ ஹேர்ட்ஸ் தரத்தில் இரு தடங்களாகப் பதிந்தால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 கிகாபைட் இடம் கொள்கிறது. விடியவிடிய நடக்கும் கூத்தை ஒரு சிறிய நினைவட்டை எளிதாகத் தாங்கும். மின்கலம்தான் முதலில் கைவிடும் என்பதால் மாற்றுக்கு ஒன்று சட்டைப் பைக்குள் சூடாக இருக்கட்டும், குளிரில் மின்கலத்தின் வலு குறைகிறது.

இம்முறையின் குறை வெளிப்படையானது. ஒருவர் பிழைத்தால் எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டும்; சரியில்லாத இடத்தில் நின்றவரைப் பின்னர் முன்னுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே கூத்து இரவில் நேராகப் போய் நிற்பதைவிட, பழக்கம் நடக்கும் நாட்களில் ஓரிரவு சென்று ஒரு பாட்டைப் பதிந்து, அதைக் குழுவினருக்கே போட்டுக் காட்டுவது அறிவுடைமை. எது அமுங்குகிறது, யார் முன்னால் வர வேண்டும் என்பதை மாஸ்டர் உடனே சொல்லிவிடுவார். எத்தனையோ மாசிகள் ஒலிபெருக்கி இல்லாத வெளியில் இக்குழுவைக் கேட்கச் செய்தவர் அவர். தப்புக்கும் தொண்டைக்கும் உள்ள தூரத்தைக் காதால் அளந்து பழகியவரைவிடச் சிறந்த ஒலிப்பொறியாளர் அங்கே வேறு யாரும் இருக்கப் போவதில்லை. பதிய வந்தவர் ஒலிவாங்கியை நிறுத்தும் உரிமையை அவரோடு பகிர்ந்துகொள்ளத் தயங்குவது வீண் செருக்கு.

மரியாதை பற்றிய பேச்சு இங்கே தவிர்க்க முடியாதது. தப்பைச் சாதியோடும் சாவோடும் சேர்த்து இழிவாகப் பார்த்த பார்வை தமிழகத்தைப் போலவே மலையகத்திலும் நிலவியது; படித்த இளைஞர் சிலர் அதைத் தொடத் தயங்கியதும் அதனால்தான். அண்மைக் காலத்தில் தப்பு மேடையேறியிருக்கிறது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023-இல் நினைவுகூர்ந்தபோது அந்த வரலாற்றைப் பற்றிய பேச்சு பரவலாக எழுந்தது. எனினும் பதிவுகளில் தப்பு பெரும்பாலும் பின்னணியாகவே இடம்பெறுகிறது, அடித்தவரின் பெயர் இருப்பதில்லை. பாடியவர், அடித்தவர், ஆடியவர் ஆகியோரின் சம்மதத்தைக் கேட்டு, அவர்கள் விரும்பினால் பெயர்களையும், தோட்டத்தின் பெயர், பிரிவு, நாள் ஆகியவற்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுவது ஒரு நிமிட வேலை. கோப்பின் பெயர் மாறலாம், எழுதிய தாள் தொலையலாம், பதிவுக்குள் சொல்லப்பட்டது பதிவோடே இருக்கும்.

பதிந்த மூலக் கோப்பை வெட்டாமல், சுருக்காமல் குறைந்தது இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். முகநூலில் ஏற்றிய காணொளி சுருக்கப்பட்ட படியே அன்றி மூலமாகாது. ஒரு படி குழுவினரிடம் இருக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும், கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் படிகளைக் கொடுக்கும் வழியைக் கேட்டறியலாம். வரும் மாசியில் எந்தத் தோட்டத்திலாவது காமன் ஊன்றும் செய்தி கேட்டால், கருவி சிறிதென்று தயங்காமல், பழக்கம் தொடங்கும் முதல் வாரத்திலேயே மாஸ்டரைச் சென்று பாருங்கள்.